ஏற்காடு ஏற எந்த சைக்கிள்?

கேள்வி, 2024 செப்டம்பர் 8

வயது 43, எடை 88 கிலோ, லேசாக பி.பி. உண்டு. ஆறு மாதமாக ஒரு எம்டிபி (மலை) சைக்கிளில் காலையில் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு அடிவாரம் வரை போய்த் திரும்புகிறேன். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் இந்த 20 கொண்டை ஊசி வளைவையும் ஒரு நாள் ஏறிவிட வேண்டும் என்று இருக்கிறது. கடையில் கேட்டால், "எம்டிபியில் மலை ஏறினால் முட்டி போய்விடும், 65,000 ரூபாய்க்கு நல்ல ரோட் பைக் (சாலை சைக்கிள்) இருக்கிறது" என்கிறார்கள். அது இல்லாமல் முடியாதா? பொங்கலுக்குள் ஏறிவிட ஆசை.

செப்டம்பர் 8, இரவு

வாங்காதீர்கள். மலை சைக்கிள் என்று பெயர் வைத்து விற்றுவிட்டு அதில் மலை ஏறாதே என்று சொல்கிற வியாபாரம் இது. பல்லை எண்ணிச் சொல்லுங்கள். உங்கள் பல்லை அல்ல. முன்னால் இருப்பதிலேயே சின்னப் பல்சக்கரத்தில் எத்தனை, பின்னால் இருப்பதிலேயே பெரியதில் எத்தனை.

செப்டம்பர் 9, காலை

எண்ணிவிட்டார். முன்னால் 24, பின்னால் 28.

அப்படியென்றால் கதை முடிந்தது தம்பி. 24-ஐ 28-ஆல் வகுத்தால் 0.86. பெடல் ஒரு சுற்று வந்தால் சக்கரம் ஒரு முழுச் சுற்றுகூட வராது. நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஆறரை கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போவீர்கள். கடைக்காரர் காட்டும் ரோட் பைக்கில் பெரும்பாலும் முன்னால் 34, பின்னால் 28 அல்லது 32 இருக்கும். 34-க்கு 28 என்றால் அதே 60 மிதிக்கு 9 கி.மீ. வேகம். அந்த 9 கி.மீ. வேகத்தை 88 கிலோவோடு ஏற்றத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியுமா என்று யோசியுங்கள். தாங்காவிட்டால் மிதி நிமிடத்துக்கு 40 ஆகக் குறையும், ஒவ்வொரு மிதியிலும் முட்டி முழு பாரத்தையும் வாங்கும். முட்டி போவது அங்கேதான். எம்டிபியில் அல்ல.

செய்ய வேண்டிய செலவு ஒன்றே ஒன்று: அந்த முரட்டுப் பட்டன் டயர் இரண்டையும் கழற்றிவிட்டு வழுவழுப்பான டயர் போடுங்கள். தார்ச்சாலையில் பட்டன் டயர் உய்யென்று கத்துவது உங்கள் உழைப்பு வீணாகும் சத்தம்.

செப்டம்பர் 9, மதியம்

கணக்கும் போட்டுவிடுகிறேன், சாப்பாட்டு இடைவேளைதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. அடிவாரமே கொஞ்சம் மேடு என்பதால் நீங்கள் ஏறப்போவது 1,100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 88 × 9.8 × 1,100. சுமார் 950 கிலோஜூல். மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டால் 88 வாட். ஒரு சீலிங் ஃபேனைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

செப்டம்பர் 9, இரவு

மேலே போட்ட கணக்கு தப்பு. என் வீட்டுக்காரர் பள்ளியில் இயற்பியல் எடுப்பவர், படித்துவிட்டு, "அவர் சைக்கிளைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து போகிறாரா?" என்று கேட்டார். சரி. 88 கிலோ ஆள், 14 கிலோ சைக்கிள், 2 கிலோ தண்ணீர், மொத்தம் 104. அப்போது 1,120 கிலோஜூல். சாலை உராய்வும் காற்றும் சேர்ந்தால் இன்னும் பத்துப் பதினைந்து சதவீதம் கூடும். மூன்று மணி நேரத்துக்குச் சுமார் 115 வாட். ஒன்றரை ஃபேன்.

இந்தத் தப்பில் ஒரு லாபம் உண்டு. 14 கிலோ சைக்கிளுக்குப் பதில் 9 கிலோ சைக்கிள் வாங்கினால் என்ன மிச்சம்? 104-இல் 5 கிலோ, அதாவது நூற்றுக்கு ஐந்துக்கும் கொஞ்சம் குறைவு. மூன்று மணி நேரப் பயணத்தில் எட்டு ஒன்பது நிமிடம். தம்பி, 65,000 ரூபாய்க்கு நீங்கள் வாங்கப்போவது அந்த ஒன்பது நிமிடத்தை.

செப்டம்பர் 10

பி.பி. பற்றி எழுதாமல் விட்டது பெரிய தப்பு. முதலில் டாக்டரைப் பார்த்து, மலை ஏறப்போகிறேன் என்று சொல்லி, ஈசிஜி எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். நெஞ்சில் பாரமோ, இடது கையில் வலியோ, வழக்கத்தில் இல்லாத மூச்சு வாங்கலோ வந்தால் அன்றைக்கு மலை முடிந்தது, வீரம் காட்ட வேண்டாம்.

நெஞ்சுத்துடிப்பு அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்பதற்கு 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கைச் சிலர் சொல்வார்கள். உங்களுக்கு 177 வரும். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே போகும் கணக்கு அது, அதை வேதவாக்காக எடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் பேச்சு. முழு வாக்கியம் பேச முடிகிறதா, சரியான வேகம். இரண்டிரண்டு சொல்லாக வந்தால் கொஞ்சம் அதிகம். பேச்சே வரவில்லை என்றால் இறங்கி நில்லுங்கள். தனியாகப் போனால் பாட்டுப் பாடிப் பாருங்கள், குரங்குகளைத் தவிர யாரும் கேட்கப்போவதில்லை.

செப்டம்பர் 15

"அக்கா, நீங்கள் முதல் தடவை எப்படி ஏறினீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். ஏறவில்லை.

2018. எனக்கு 42 வயது. உடம்பைக் குறைக்கச் சொல்லி ஒரு வருடம் முன்னால்தான் சைக்கிளுக்குத் திரும்பியிருந்தேன், பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு முதல் தடவையாக. ஒருவர் பழைய ரோட் பைக் ஒன்றை மலிவாகக் கொடுத்தார். அழகான சிவப்பு. பந்தயக்காரர்களுக்கான கியர், முன்னால் 53-ம் 39-ம், பின்னால் பெரியதே 25 பல்தான். அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, சிவப்பு மட்டும் தெரிந்தது. 39-க்கு 25 வைத்துக்கொண்டு மணிக்கு 7 கி.மீ. போனால் நிமிடத்துக்கு 36 மிதிகூட வராது. ஒவ்வொரு மிதியும் மாடிப்படியில் நெல் மூட்டை தூக்குகிற மாதிரி. ஐந்தாவது வளைவில் இறங்கினேன். மறுபடி ஏறி மிதித்து ஏழாவதில் இறங்கினேன். 9/20 என்று மஞ்சள் பலகை இருந்த இடத்தில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவள்தான், குரங்கு ஒன்று வந்து என் பையிலிருந்த வாழைப்பழத்தை என் கண் முன்னாலேயே உரித்துத் தின்றது, கையை ஓங்கக்கூடத் தெம்பு இல்லை. வலது முட்டி கரகரவென்றது.

மேலேயிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வந்தது. கையைக் காட்டினேன். பழங்களுக்கு நடுவில் சைக்கிளைப் படுக்க வைத்து, நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கினேன். வீட்டில் சொன்னது, "பாதி தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்." பாதி என்பதும் பொய். இருபதில் ஒன்பது பாதி இல்லை.

அடுத்த வாரம் ஒரு மெக்கானிக் பின்னால் 32 பல் போட முடியாது என்றார், இன்னொருவர் அதற்குரிய நீள டிரெய்லரை மாற்றினால் போடலாம் என்று போட்டுக்கொடுத்தார். மூன்று மாதம் கழித்து ஏறினேன். நடுவில் மூன்று தடவை நின்றேன், ஆனால் தள்ளவில்லை.

செப்டம்பர் 15, இன்னொன்று

டிரெய்லர் என்று எழுதிவிட்டேன், லாரி டிரெய்லரா என்று ஒருவர் கேட்கிறார். டிரெய்லியர். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றிப் போடும் சாமான். பட்டறையில் நாங்கள் டிரெய்லர் என்றுதான் சொல்கிறோம், என்ன செய்வது.

செப்டம்பர் 22

முட்டி வலி பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. முட்டிக்கு முன்புறம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்புறம், மடிப்பில் வலித்தால் சீட் உயரம். சைக்கிளில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து கீழே கொண்டுபோங்கள், கால் அப்போது நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு தானாக இருக்கும். நம் ஊரில் எல்லோரும் சீட்டைத் தாழ்த்தி வைப்பது, நின்றால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்பதற்காக. சிக்னலில் நிற்க வசதி, மிதிக்க வேதனை. ஒரே நாளில் ஏற்றாதீர்கள். வாரத்துக்கு அரை அங்குலத்துக்கும் குறைவாக ஏற்றுங்கள்.

உட்காரும் இடத்து வலிக்கு: பஞ்சு வைத்த சைக்கிள் அரைக்கால் சட்டை. அதற்குள் வேறு உள்ளாடை கிடையாது, தையல் உராய்ந்துதான் புண்ணாகிறது. மெத்து மெத்தென்று ஜெல் சீட் வாங்காதீர்கள், முதல் அரை மணி நேரம் சொர்க்கம், பிறகு நரகம். பெண்களுக்கு: நான் அதன் மேல் சுடிதார் பேன்ட் போட்டுக்கொள்கிறேன், கணுக்காலில் ரப்பர் பேண்ட். ஊர்ப் பார்வைக்காகத்தான். மாறவில்லையா என்றால், மாறவில்லை. ஐந்து மணி இருட்டில் பைக்கில் கூடவே வந்து "எங்கே மேடம் இவ்வளவு அவசரம்?" என்று கேட்டவர்களை எண்ணினால் இருபது வளைவுக்கும் ஆளுக்கொன்று நிறுத்தலாம். பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, முதல் ஒரு வருடம் வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸில் பின்னாலேயே. இப்போது நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து போகிறோம், அவர் தூங்குகிறார்.

அக்டோபர் 6

என்ன சாப்பிடுவது? ஒரு மணி நேரம் போவதற்கு ஒன்றும் வேண்டாம், தண்ணீர் போதும். அதைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தோ சர்க்கரையோ உள்ளே போக வேண்டும். ஒரு பெரிய வாழைப்பழம் 25, 30 கிராம் தரும். பேரீச்சம்பழம், கடலைமிட்டாய், எது வேண்டுமானாலும். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம்.

சேலத்து வெயிலில் வியர்வை உப்பாகச் சட்டையில் படியும். ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கலக்கச் சொல்லியிருந்தால் ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். அரை பாட்டிலில் முழுப் பொட்டலத்தைக் கொட்டி வாந்தியெடுத்தவள் சொல்கிறேன். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, உடம்பில் சோடியம் குறைந்து தலை சுற்றும். எலுமிச்சை, உப்பு, சர்க்கரை. அல்லது வீட்டில் நீராகாரம் ஒரு சொம்பு, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு.

திரும்பி வந்து தட்டுவடை செட் சாப்பிடுவது பயிற்சியில் சேருமா என்று கேட்டவருக்கு: சேரும். இரண்டு செட் வரை.

அக்டோபர் 7

ஒன்று விட்டுவிட்டேன். உடம்பு, உண்ணும் சக்தியில் கால் பங்கைத்தான் பெடலுக்குத் தருகிறது, மீதி சூடாகப் போகிறது. அதனால் ஒரு வேடிக்கை: நீங்கள் பெடலில் போட்ட கிலோஜூல் எவ்வளவோ, எரித்த கலோரியும் ஏறக்குறைய அதே எண்தான் வரும். ஏற்காடு ஒரு தடவை ஏறினால் உங்கள் எடைக்கு 1,200 கலோரி பக்கம். இதைப் படித்துவிட்டு வீட்டுக்காரர் தலையாட்டினார், இந்த முறை தப்பு இல்லை. செட் மூன்றாகவும் இருக்கலாம்.

அக்டோபர் 20

இது சைக்கிள் வாங்குவது பற்றி இல்லை, வேண்டாதவர்கள் தாண்டிப் போங்கள்.

என் அம்மா கீரனூர்ப் பக்கம், புதுக்கோட்டை மாவட்டம். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கில் பெண்கள் கற்றார்கள். அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல். நான் பத்தாவது முடித்த பெண், சைக்கிள் ஓட்டத் தெரியும் என்ற திமிரில் இருந்தவள். பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் மாமாவின் பெரிய அட்லஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓட, அம்மா புடவையைக் கச்சமாக இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டினாள். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை, பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான். விழுந்தாள், எழுந்தாள், என்னைத் திட்டினாள். பிறகு அந்தப் பாரே வசதியாகிவிட்டது, தம்பியை அதில் உட்கார வைத்து, கேரியரில் இரண்டு குடம் கட்டி, மூன்று கி.மீ. தள்ளியிருந்த கிணற்றுக்குப் போய்வந்தாள். சைக்கிள் மட்டுமே இருபது கிலோவுக்கு மேல். ஒரே கியர். நெஞ்சுத்துடிப்பைக் கையில் கட்டிக்கொண்டு பார்க்கவில்லை.

அந்த அட்லஸ் கம்பெனியின் கடைசி ஆலை சாஹிபாபாத்தில் 2020 ஜூன் 3 அன்று நின்றுபோனது. ஜூன் 3 உலக சைக்கிள் தினம். அம்மாவிடம் செய்தியைப் படித்துக் காட்டினேன். "அந்த வண்டிக்கு அழிவு கிடையாதே, அதான் யாரும் புதுசு வாங்கல" என்றாள்.

2019-இல் நான் புது ரோட் பைக் வாங்கி ஊருக்குக் கொண்டுபோனபோது அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒற்றைக் கையால் தூக்கினாள். "கேரியர் எங்கே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "மட்கார்டு?" இல்லை. "ஸ்டாண்டு?" அதுவும் இல்லை. விலை கேட்டாள். பாதிதான் சொன்னேன்.

அக்டோபர் 21

ஆமாம், பிடித்துவிட்டீர்கள். "2019-இல் புது ரோட் பைக்கா? ஒன்பது நிமிடத்துக்கு எதற்கு 65,000 என்று எங்களிடம் சொன்னது யார்?" என்று நான்கு பேர்.

சரி. ஒப்புக்கொள்கிறேன். அலுமினியம், கார்பன் ஃபோர்க், 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், விலையும் நீங்கள் நினைப்பதுதான். வாங்கியது மலைக்காக அல்ல. ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் போகும் சாலைக்காக. சமதரையில் எடை பெரிய எதிரி இல்லை, காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. நிமிர்ந்து உட்காரும் எம்டிபியில் நான் 20 தொட்டால் மூச்சு வாங்கும். குனிந்து உட்காரும் இந்த வண்டியில் 26, 27 என்று சத்தமே இல்லாமல் ஓடும், செயின் மட்டும் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே வரும். ஏழு மணிக்குள் மேட்டூர், அணைக்கட்டுப் பக்கம் மீன் வறுவல் கடை திறந்திருக்காது என்பது ஒன்றுதான் குறை. ஆடி மாதமாக இருந்தால் போகும்போது எதிர்காற்று, அந்த 50 கி.மீ. பற்றி இப்போது பேச வேண்டாம்.

ஆக, ஒன்பது நிமிடம் என்று நான் அடித்துச் சொன்னது மலைக்கு மட்டும் சரி. சந்தோஷத்துக்கு வாங்குகிறேன் என்று சொல்லி வாங்குங்கள், தப்பே இல்லை. முட்டிக்காக வாங்குகிறேன் என்று வாங்கினால்தான் எனக்குக் கோபம்.

நவம்பர் 3

தீபாவளி முடிந்த ஞாயிறு. தெரு முழுக்கக் கம்பி மத்தாப்புக் கம்பி. காலையில் இரண்டு பஞ்சர்.

பஞ்சர் கடைக்காரர் என் ட்யூபைப் பார்த்துவிட்டு, "இது என்ன மேடம், ஊசியா?" என்றார். ரோட் பைக்கின் மெல்லிய வால்வு, அவர் கம்ப்ரசர் வாயில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கும், நூறு ரூபாய்கூட ஆகாது, அதை வாங்கி சீட்டுப் பையில் போட்டு வைக்காமல் ஊருக்கு வெளியே போகாதீர்கள். என்னுடையது வீட்டு மேஜை டிராயரில் பத்திரமாக இருந்தது.

எம்டிபிக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை, எந்தக் கடையிலும் காற்று. பொறாமைதான்.

டிசம்பர் 4

பொங்கலுக்குள் என்பதை மறந்துவிடுங்கள் தம்பி. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சாலையில் மண் சரிந்து கிடக்கிறது, வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பியிருக்கிறார்கள். சாலை சரியான பிறகும் சில வாரம் பொறுங்கள், வளைவுகளில் மழை அடித்துக்கொண்டு வந்த பொடிக்கல் இருக்கும்.

பொறுக்கும் நேரத்தில் ஒன்று யோசித்தேன். மூன்று மாதமாக ஏறுவதைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம். ஏற முடியாவிட்டால் என்ன ஆகும், இறங்கி நிற்பீர்கள். இறங்க முடியாவிட்டால்?

அந்த 1,120 கிலோஜூல் எங்கே போகும் என்று பாருங்கள். ஏறும்போது காலால் சேர்த்த அத்தனையும் இறங்கும்போது வெளியே வந்தாக வேண்டும். கொஞ்சம் காற்றில் போகும். மீதியை உங்கள் விரல் நீளப் பிரேக் கட்டைகள் நான்கும் ரிம்மும் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும். மொத்தச் சூட்டையும் சேர்த்தால் மூன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து ட்யூப் வெடிப்பதும் உண்டு. நேர்ப்பாதையில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் பிரேக்கை விட்டுத் திரும்ப வேண்டும். ஐந்து வளைவுக்கு ஒரு தடவை நில்லுங்கள். ரிம்மைத் தொட்டுப் பார்க்காதீர்கள், நான் தொட்டேன், ஆள்காட்டி விரலில் தழும்பு இருக்கிறது.

பஸ் வளைவில் முழுச் சாலையையும் எடுக்கும், அவருக்கு வேறு வழியில்லை. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்றுவிடுங்கள். வலது பக்கம் வெட்டிக்கொண்டு போகிற இளைஞர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவர்கள் செயலியில் யார் வேகம் என்று போட்டி, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் பெயர் அதில் நூற்றுச் சொச்சத்தில் இருப்பது காரணம் அல்ல.

மேலே குளிரும். ஏறின வியர்வையோடு இறங்கினால் பல் தந்தியடிக்கும், விரல் மரத்துப்போய்ப் பிரேக் பிடிக்க வராது. டீக்கடையில் பழைய தினசரி ஒன்று கேட்டு வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொள்ளுங்கள். பழைய காலத்து ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் செய்தது, நம் ஊர்ப் பேப்பரும் நன்றாகவே காற்றைத் தடுக்கிறது.

முன் பிரேக் பக்கமே போகாதீர்கள், பின் பிரேக் மட்டும் பிடியுங்கள்.

டிசம்பர் 5

கடைசி வரி தப்பு, அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முன் பிரேக் பிடித்தால் குட்டிக்கரணம் என்று சின்ன வயதில் மாமா சொல்லிச் சொல்லி வாயில் வந்துவிட்டது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது, வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள், படிப்படியாக அழுத்துங்கள், இடுப்பைச் சீட்டில் பின்னுக்குத் தள்ளுங்கள். ஈரச் சாலை, மணல், பொடிக்கல் இருந்தால் மட்டும் முன் பிரேக்கை லேசாக. பின் பிரேக்கை மட்டும் நம்பி நான் ஒரு தடவை வழுக்கியிருக்கிறேன், அதைத்தான் நேற்று எழுதியிருக்க வேண்டும்.

கிளம்பும் முன்பு சக்கரக் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை புதிதாகப் போட்டுவிடுங்கள்.

2025 ஜனவரி 19

டயர் மாற்றிவிட்டாராம், "வண்டி பறக்கிறது அக்கா" என்கிறார். எடை 83. டாக்டர் சரி சொல்லிவிட்டார். அடிவாரத்திலிருந்து நான்காவது வளைவு வரை இரண்டு தடவை போய்வந்தாயிற்று. பிப்ரவரி 9, ஞாயிறு.

பிரேக் கட்டை?

பதில் இல்லை.

பிப்ரவரி 9, மாலை

ஏறிவிட்டார்! 3 மணி 25 நிமிடம், நான்கு இடத்தில் நின்று. ஏரிக்கரையில் அந்தப் பழைய எம்டிபியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படம் அனுப்பியிருக்கிறார். பதினாறாவது வளைவில் ஒரு 65,000 ரூபாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் நடந்துபோனாராம். "பாவமாக இருந்தது" என்று எழுதியிருக்கிறார். பாவமாக இருந்திருக்காது.

பிப்ரவரி 9, இரவு

இறங்கிய கதை இப்போதுதான் வந்தது. பிரேக் கட்டை பழசேதான். மேலிருந்து ஆறு வளைவு இறங்கியதும், அதாவது 14/20 பலகை இருக்கும் இடத்தில், கிரீச்சென்று இரும்பு ரிம்மில் உரசும் சத்தம். நல்ல வேளை நேர்ப்பாதை, காலை ஊன்றி நிறுத்தியிருக்கிறார். காயம் இல்லை, செருப்பு மட்டும் போயிற்று. ஷூ போடச் சொல்லி நான் எங்குமே எழுதவில்லையாம், அது என் தப்பாம்.

பிறகு ஒரு குட்டியானை. இந்த முறை பலாப்பழம் இல்லை, மிளகு மூட்டை. சைக்கிளை மூட்டை மேல் படுக்க வைத்து, இவர் டிரைவர் பக்கத்தில்.

பிஆர்எம் என்கிற 200 கி.மீ. நெடுந்தூர சைக்கிள் பயணம் போக ஆசையாம், பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதற்கு எந்த சைக்கிள் வாங்குவது என்று கேட்கிறார். முதலில் 40 ரூபாய்க்குப் பிரேக் கட்டை வாங்குங்கள் தம்பி, அப்புறம் பேசலாம்.

பிப்ரவரி 10

குட்டியானைக்காரர் அவரிடம் 300 ரூபாய் வாங்கியிருக்கிறார். 2018-இல் என்னிடம் 100. நான் ஒன்பதாவது வளைவு, அவர் பதினாலாவது, அந்த ஐந்து வளைவைக் கழித்தால்கூட இது அதிகம்.